டிசம்பரில் பாதாமி: மழையை நம்பி டிக்கெட் போடலாமா?

நவம்பர் 6, மாலை 6:15 (கேள்வி)

நாலு பேர், எல்லோரும் சென்னை. ஒரு வருடமாக உள்ளரங்கச் சுவரில் ஏறிப் பழகியிருக்கிறோம். எங்களில் ஒருவருக்கு வெளிப் பாறையில் அனுபவம் உண்டு. டிசம்பர் கடைசி வாரம் பாதாமி போவதாகப் பேச்சு. ஆனால் இங்கே கொட்டுவதைப் பார்த்தால் டிக்கெட் போடக் கை வரவில்லை. நாலு செயலியும் நாலு கதை சொல்கிறது. எதை நம்புவது? பேசாமல் மாசி வரை தள்ளிவிடலாமா?

நவம்பர் 6, இரவு 10:40

வேளச்சேரியில் முழங்கால் தண்ணீர் நிற்பதற்கும் பாதாமியில் பாறை நனைவதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை. நம்முடையது ஐப்பசி, கார்த்திகை மழை. வடகிழக்குப் பருவக்காற்று வங்கக்கடலிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து கரையோரம் கொட்டுவது. பாதாமி வட கர்நாடகத்தின் உட்பகுதி. அங்கே மழைக்காலம் ஜூனில் தொடங்கி அக்டோபரில் முடிந்துவிடும். நாம் பள்ளி விடுமுறை அறிவிப்புக்காக டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் வாரத்தில் அங்கே வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். சில வருடங்களுக்கு முன் ஒரு நவம்பரில், வீட்டு வாசலில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துவிட்டு ஐந்து பேர் டிக்கெட்டையும் ரத்து செய்தேன். ஹூப்ளியிலிருந்து வருவதாக இருந்த நண்பர் மட்டும் தனியாகப் போய், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் படம் ஒன்றை மூன்று நாளும் தவறாமல் அனுப்பினார்.

அதனால் போங்கள். டிசம்பர் கடைசி அந்த ஊருக்கு அருமையான நேரம்.

நவம்பர் 7, காலை 7:05

நேற்று எழுதியதை எழுந்ததும் படித்தேன். கொஞ்சம் அதிகமாகவே தைரியம் சொல்லிவிட்டேன்.

புயல் கரையைக் கடந்ததும் கதை முடிந்துவிடாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. சென்னையில் நாங்கள் ‘அப்பாடா’ என்று படுத்தோம். அது ஒரே இடத்தில் நின்று கொட்டிவிட்டு மெல்ல உள்ளே நகர்ந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல். அடுத்து கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையிலும் அதே கணக்கு. கடலே பார்க்காத ஊர் அது. டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் இறந்தார்கள்.

நீங்கள் பாதாமிக்குப் போகிற வழி அந்தக் கிருஷ்ணகிரிப் பக்கமாகத்தான். ஊர் காய்ந்திருந்தாலும் நடுவில் இருக்கும் சாலையும் தண்டவாளமும் நனைந்திருக்கலாம். இன்னொன்று, அப்படி ஒரு மழை பெய்த மலையடிவாரத்தில் ஒரு வாரத்துக்கு எனக்கு வேலை இல்லை. வெயில் அடித்தாலும் சரி. உருண்டைப் பாறைகள் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

நவம்பர் 7, இரவு 9:30

எந்தச் செயலி என்ற கேள்விக்கு வருகிறேன். எனக்கு ஒன்றின் மேலும் தனிப் பக்தி இல்லை. பெரும்பாலான செயலிகளுக்குப் பின்னால் இருப்பது இரண்டு மூன்று உலகளாவிய கணிப்பு மாதிரிகள்தான்: அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ்., ஐரோப்பிய மையத்தின் மாதிரி, இப்படி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் செயலி ஒன்று இருந்தால் போதும். இரண்டும் ஒத்துப்போனால் கொஞ்சம் நம்புவேன். ஒன்று ஆந்திரா பக்கம், இன்னொன்று டெல்டா பக்கம் என்று இழுத்தால் அன்றைக்கு எதையும் முடிவு செய்யாமல் மூடிவைத்துவிட்டு மறுநாள் பார்ப்பேன்.

பத்து நாள் கழித்து மதியம் 2 மணிக்கு 40 சதவீதம் என்று காட்டுகிறதே, அதை ஜாதகம் மாதிரி படியுங்கள். ஐந்து நாளுக்கு உள்ளே வந்தால்தான் எனக்குப் பேச்சு.

அப்புறம் நம் வானிலை மையத்தின் அறிக்கை. நுங்கம்பாக்கத்திலிருந்து வரும் அந்த வாசகங்களை எல்லோரும் கேலி செய்வோம்: ‘ஓரிரு இடங்களில்’, ‘சில இடங்களில்’. நானும் செய்திருக்கிறேன். அவை வாய்க்கு வந்த சொற்கள் இல்லை என்று தெரிந்தபோது வெட்கமாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை நனைந்தால் ‘ஓரிரு இடங்களில்’. 26 முதல் 50 சதவீதம் என்றால் ‘சில இடங்களில்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்களில்’. அதற்கு மேல் ‘பெரும்பாலான இடங்களில்’. ‘கனமழை’ என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து ஆரம்பம்.

பாறை ஏறுகிறவனுக்கு ‘ஓரிரு இடங்களில் கனமழை’ பரவாயில்லை. நாலில் மூன்று பங்கு தப்பிக்கலாம். ‘பெரும்பாலான இடங்களில் லேசான மழை’ தான் மோசம். கேட்பதற்கு மென்மையாக இருக்கும், நாள் முழுக்க நசநசவென்று ஒரு பிடியும் காயாது.

நவம்பர் 7, இரவு 9:50

ஒன்று விட்டுப்போயிற்று. அவர்கள் வெளியிடும் மழை அளவு காலை 8:30 மணியோடு முடியும் 24 மணி நேரத்துக்கானது. ‘இன்று 4 செ.மீ.’ என்று பட்டியலில் இருந்தால் அது பெரும்பாலும் நேற்றைய மழை. இது தெரியாமல் நான் இரண்டு தடவை ஒரு நாள் தள்ளிக் கணக்குப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 9, மதியம்

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: ‘இவர்கள் சொல்வது என்றைக்கு நடந்திருக்கிறது?’

நடக்காத நாட்கள் எனக்கும் ஞாபகம் இருக்கின்றன. 2024 அக்டோபர் 16 அன்று சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை. முந்தின நாளே வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டிவிட்டன. என் பக்கத்து வீட்டுக்காரரும் கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஆட்டோவில் திரும்பினார். தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட, 16ஆம் தேதி தூறலோடு போயிற்று. இதற்கு நேர்மாறு 2021 டிசம்பர் 30. அன்று காலை யாரும் பெரிய மழை என்று சொல்லவில்லை. மதியத்துக்கு மேல் பிடித்தது, அலுவலகம் விட்டு வீடு வருவதற்குள் நகரம் நின்றுபோயிற்று. நான் மயிலாப்பூரிலிருந்து வேளச்சேரிக்கு நாலு மணி நேரம் நடந்தும் நின்றும் வந்தேன்.

ஆனால் பக்கத்து வீட்டுக்காரரிடம் அக்டோபரில் ‘ஏமாந்துவிட்டீர்களா’ என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “ஆட்டோவுக்கு நூத்தம்பது ரூபாய் சார். 2015-லயும் 2023-லயும் இன்ஜினுக்கு எவ்வளவு ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாது.” அவருக்குக் கணிப்பு சரியா தப்பா என்பது பிரச்சினையே இல்லை. தப்பானால் தனக்கு என்ன செலவு என்பதை முன்பே போட்டுப் பார்த்துவிட்டார்.

உங்கள் டிக்கெட்டையும் அப்படிப் போடலாம். ரயில் முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கிறது, வானிலையோ ஐந்து நாளைக்கு மேல் தெரியாது. நடுவில் இருக்கும் 55 நாளைத்தான் சமாளிக்க வேண்டும். நான் செய்வது இது: டிக்கெட் பெங்களூரு வரை மட்டும். பெங்களூரில் இறங்கிய அன்று காலை வானத்தையும், கடைசி இரண்டு நாள் மழைப் பட்டியலையும் பார்த்துவிட்டு எந்தப் பக்கம் என்று முடிவு. வடக்கே காய்ந்திருந்தால் பாதாமி அல்லது ஹம்பி, இரவு வண்டியோ பேருந்தோ. கோல்கும்பஸ் விரைவு வண்டி பாதாமியிலேயே நிற்கும். நேரம் குறைவு என்றாலோ வடக்கே மேகம் என்றாலோ ராமநகரம். பெங்களூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான். பாதாமியும் ராமநகரமும் வேறு வேறு கல், வேறு வேறு மழை. ஒன்று கைவிட்டால் மற்றது இருக்கும்.

பெங்களூரு வண்டிகளும் டிசம்பர் கடைசியில் இந்நேரம் காத்திருப்புப் பட்டியலில்தான் இருக்கும். பகல் வண்டியில் தேடுங்கள்.

நவம்பர் 9, இரவு

ராமநகரத்தில் ராமதேவர பெட்டா பக்கம் கயிறோடு போகாதீர்கள், அது கழுகுகளுக்கான சரணாலயம். சுற்றிலும் வேறு குன்றுகள் இருக்கின்றன.

மாமல்லபுரம் வெண்ணெய் உருண்டையில் ஏறலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. தொல்லியல் துறைக் காவலர் விசில் ஊதுவார், நியாயம்தான்.

நவம்பர் 10

இரண்டு கல் என்றேன். அதை விரித்துச் சொல்ல வேண்டும்.

ராமநகரம், சாவன்துர்கா, ஹம்பி, நம் செஞ்சி எல்லாம் கருங்கல். தண்ணீரைக் குடிக்காது. மழை நின்று, வெயிலும் காற்றும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் ஏறலாம். பாதாமி சிவப்பு மணற்கல். மணலை ஒட்டவைத்திருக்கும் சாந்து ஈரத்தில் இளகும். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும், பிடி கையோடு வந்துவிடும். பாதாமிக் கல் மணற்கற்களில் இறுக்கமான ரகம்தான். இருந்தாலும் நனைந்தால் ஒரு முழு நாள் வெயில் காயாமல் நான் தொடமாட்டேன். பிடி உடைந்தால் விழுவது நான். ஆனால் அந்த வழி எனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் போய்விடும்.

ஏறிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தால் பதற வேண்டாம். இறங்கி, துருத்திக்கொண்டிருக்கும் கூரைப் பாறைக்கு அடியில் ஒதுங்கி உட்காருங்கள்.

நவம்பர் 10, ஐந்து நிமிடம் கழித்து

கருங்கல் ஒரு மணி நேரத்தில் காயும் என்றது கறுப்புத் தடங்கள் இல்லாத பாறைக்கு. தண்ணீர் வழக்கமாக வழியும் பாதையில் பாசி படிந்து கரிக்கோடு மாதிரி நிற்கும், பார்த்திருப்பீர்கள். காய்ந்திருக்கும்போது அதுதான் நல்ல பிடிப்பு. நனைந்தால் விளக்கெண்ணெய்.

நவம்பர் 12

விளக்கெண்ணெய் என்று சும்மா எழுதவில்லை. கதை இருக்கிறது, கொஞ்சம் நீளம்.

ஒரு செப்டம்பர் கடைசி. செஞ்சிக்கு வெளியே, கோட்டை எல்லைக்கு அப்பால், வயல்களுக்கு நடுவில் ஒரு யானை முதுகுப் பாறை. சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர், காலையில் கிளம்பினால் இட்லி சாப்பிட்டுவிட்டு 10 மணிக்குப் பாறையில் கை வைக்கலாம். ஊர்க்காரர்களிடம் கேட்டுக்கொண்டு ஏறினோம். பாறையின் தாழ்வான பக்கத்தில் ஒரு பெரியம்மா மணிலா காயப்போட்டிருந்தார். (அந்தப் பக்கம் வேர்க்கடலை என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், மணிலாதான்.) செயலியில் மழை வாய்ப்பு 20 சதவீதம். வானம் வெளுத்துக் கிடந்தது.

மூன்று மணி இருக்கும். நான் சரிவில் பாதியில் நிற்கிறேன். கயிற்றை மாட்டப் பாறையில் அடித்திருக்கும் கடைசிப் போல்ட் காலுக்குக் கீழே ஒரு ஆள் உயரம். பெரியம்மா கீழே மணிலாவை முறத்தால் கூட்ட ஆரம்பித்துவிட்டார். அண்ணாந்து பார்த்து, “தம்பி, எறங்கிடுப்பா” என்றார்.

“இன்னும் வெயில் அடிக்குதே பெரியம்மா.”

“காத்து நின்னுபோச்சு பாரு.”

நின்றுதான் போயிருந்தது. அதுவரை காதோரம் வீசிக்கொண்டிருந்த காற்று இல்லாமல், என் மூச்சு எனக்கே கேட்டது. ஆனால் அந்தச் சரிவை முடித்துவிட்டால் பத்து நிமிடத்தில் உச்சி. நான் இன்னும் நாலு எட்டு வைத்தேன். அவர் தார்ப்பாயை இழுத்துப் போர்த்தி, நாலு மூலையிலும் கல் வைத்து, கோணிச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மரத்தடிக்குப் போய்விட்டார். அப்புறம்தான் மேற்கிலிருந்து சில்லென்று ஒரு காற்று, மண்வாசனையோடு. அதன் பின்னால் மழை. நாலு நிமிடம் பெய்திருக்குமோ என்னவோ. என் வலது கால் இருந்தது கறுப்புத் தடத்தின் மேல். கால் போனதே தெரியவில்லை, முகவாய் பாறையில் தேய்ந்தபோதுதான் தெரிந்தது. நாலைந்து மீட்டர் வழுக்கிவந்து கயிறு பிடித்தது. முழங்கையில் தோல் உரிந்த இடம் இன்னும் வேறு நிறம்.

இறங்கி வந்தபோது பெரியம்மா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிலாகூட நனையவில்லை.

நடந்தது என்ன என்று பிறகு படித்தேன். ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மதிய வெக்கையில் மேற்கே மலைப் பக்கம் இடிமேகம் திரண்டு, மாலையில் கிழக்கே கடற்கரையை நோக்கி நகரும். சென்னைக்கு அது இரவு மழை; செஞ்சிக்கு மூன்று மணி மழை. மேகத்துக்குக் கீழே குளிர்ந்த காற்று இறங்கித் தரையோடு முன்னால் பாய்ந்து வரும், அதற்குச் சற்றுமுன் பழைய காற்று அடங்கும். செல்போனில் சென்னை துறைமுக ரேடார் படத்தைப் பார்த்திருந்தால் மேற்கே சிவப்புப் பொட்டுகள் கிளம்புவது இரண்டு மணிக்கே தெரிந்திருக்கும். சிக்னலும் இருந்தது. பார்க்கவில்லை. இருபது சதவீதம்தானே என்று இருந்துவிட்டேன்.

நவம்பர் 13

‘மழைக்கால இருட்டானாலும் மந்தி கொப்பு இழக்கப் பாயுமா’ என்று ஒருவர் பழமொழி போட்டுச் சிரிக்கிறார். மந்தியிடம் கயிறு மாட்டும் இடுப்புப் பட்டையும் இல்லை, அகங்காரமும் இல்லை ஐயா.

நவம்பர் 14

10ஆம் தேதி நான் எழுதியதில் ஒரு வரியைத் திரும்பப் பெறுகிறேன். ‘கூரைப் பாறைக்கு அடியில் ஒதுங்குங்கள்.’ வெறும் மழைக்குச் சரி. இடி இருந்தால் கூடாது. மின்னல் பாறையில் இறங்கினால் அது பாறையின் மேலோடே ஓடும், ஆழமில்லாத குகை வாயில் வந்ததும் மேலிருந்து கீழே தாவும். நடுவில் நாம் உட்கார்ந்திருந்தால் நம் வழியாக. பாறையின் உச்சி, ஒற்றை மரம், பாறையோடு ஒட்டி நிற்பது எல்லாமே தப்பு. நடந்து கீழே போய்விடுவதுதான் வழி, வண்டி இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே.

கணக்கு எளிது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் கேட்டால் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது, இறங்கியாக வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பொறுத்துத்தான் மறுபடி. புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியை நான் வைத்திருக்கிறேன். சுற்றிலும் 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் வந்தால் சொல்லும்.

காரபைனர் (கயிற்றை மாட்டும் உலோக வளையம்) மின்னலை இழுக்கும் என்று கழற்றி எறிய வேண்டியதில்லை. உயரம்தான் இழுக்கும். கழற்றி எறிந்துவிட்டு எப்படி இறங்குவீர்கள்?

நவம்பர் 14, இரவு

கூரைப் பாறைக்கு இன்னொரு குடியும் உண்டு. மலைத்தேனீ. மழை படாத, வெயில் நேராக அடிக்காத இடம் நமக்கு மட்டுமா பிடிக்கும்? தட்டு மாதிரி கறுப்பாகத் தொங்கும், தூரத்திலிருந்து பார்த்தால் பாறையின் நிழல் என்றே நினைப்போம். ஏறும் முன் கீழே நின்று ஐந்து நிமிடம் அண்ணாந்து பாருங்கள். நிழல் அசைந்தால் அந்தப் பக்கமே வேண்டாம்.

நவம்பர் 22

நாலைந்து நாளாக மழை, வேலை இரண்டும். கேட்டவர் ஒரு சந்தேகம் எழுப்பியிருக்கிறார்: மாசிக்குத் தள்ளினால் எல்லாத் தொல்லையும் தீருமே?

மழைத் தொல்லை தீரும். 2018 மார்ச் 11, குரங்கணிக் காட்டுத்தீ. தமிழ்க் கணக்கில் அதுவும் மாசிதான். மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள், சென்னையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. அதற்கப்புறம் வனத்துறை அனுமதி விதிகள் இறுகின; பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை காட்டுப் பாதைகள் மூடப்படுவது வழக்கமாகிவிட்டது. நீங்கள் போவது காடில்லை, ஊரோரப் பாறை என்பீர்கள். சரி, ஆனால் பாதாமியில் மாசி மதியம் பாறை தோசைக்கல். காலை ஒன்பதரைக்கு இறங்கி, நாலரைக்கு மறுபடி ஏற வேண்டியிருக்கும். நடுவில் ஏழு மணி நேரம் குகைக் கோயில் சிற்பங்களை எத்தனை தடவை பார்ப்பது? (ஒரு தடவையாவது நிதானமாகப் பாருங்கள். ஆறாம் நூற்றாண்டு.)

மார்கழி, தை இரண்டும்தான் நம் காலம். பனி மட்டும் தொல்லை.

நவம்பர் 23

பனியா, அங்கேயா என்று கேட்பவருக்கு: இமயமலைப் பனி இல்லை, புல்நுனியில் நிற்கிற பனி. தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், பாறையை என்ன செய்யும் என்று ராமநகரத்தில் பார்த்தேன். வெயிலுக்கு முந்திவிடலாம் என்று ஆறு மணிக்கே சரிவுப் பாறையின் அடியில் போய் நின்றோம். மழை பெய்து மூன்று வாரம். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. பாறையில் உள்ளங்கையை வைத்து எடுத்தால் கை நனைந்திருக்கிறது. இரவு முழுக்கத் திறந்த வானத்துக்குக் கீழே பாறை தன் சூட்டை விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோயிருந்தது. ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளியே வேர்க்கிற மாதிரி வேர்த்திருந்தது. எட்டரை மணி வரை டீக்கடை.

செயலியில் டியூ பாயிண்ட் என்று ஒரு எண் இருக்கும், தமிழில் பனிநிலை. ஈரப்பதச் சதவீதத்தை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். 15 டிகிரியில் 90 சதவீதம் என்று பயமுறுத்தும் காற்றில் இருக்கும் நீர், 33 டிகிரியில் 60 சதவீதம் என்கிற சென்னைக் காற்றில் இருப்பதில் பாதிதான். நம் ஊரில் பனிநிலை வருடத்தின் பெரும்பகுதி 24, 25 என்று நிற்கும், அதனால்தான் இங்கே வியர்வையை உறிஞ்சப் போடும் சாக் பொடி கையில் பூசினதும் இட்லி மாவாகிவிடுகிறது. முதல் தடவை பாதாமியில் ஏறியபோது நான் திடீரென்று நன்றாக ஏறக் கற்றுக்கொண்டுவிட்டதாக நம்பினேன். திரும்பி வந்து மறுநாள் ஜிம்மில் தெளிந்தது.

டிசம்பர் 3

கயிறு. யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

நைலான் கயிறு நனைந்தால் கனம் கூடும், முடிச்சு அவிழாது, விழும் ஆளைத் தாங்கும் சக்தியும் கணிசமாகக் குறையும். காய்ந்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். நீர் ஒட்டாதபடி பதம் செய்த கயிறு என்று விற்பதில் சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் முத்திரை இருந்தால், எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் ஏறாது என்று அர்த்தம். முத்திரை இல்லாமல் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று மட்டும் போட்டிருப்பது கடைக்காரரின் கவிதை.

வெயிலில் காயப்போடாதீர்கள். நான் மூன்று ஃபேன் இருக்கும் வீட்டில் இரண்டு ஃபேனுக்குக் கீழே நாற்காலி முதுகுகளில் வளைத்து வளைத்து 60 மீட்டரையும் போடுவேன். இரண்டு நாளைக்கு யாரும் ஹாலில் நேராக நடக்க முடியாது. கீழ்வீட்டு வீட்டுக்கார அம்மா வாடகை வாங்க வந்தவர், “இது எதுக்கு தம்பி இவ்ளோ நீளம்? நல்ல கொடியா கட்டலாமே” என்றார்.

டிசம்பர் 4

நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைப் பிடித்தது 642. வாதாபிதான் இன்றைய பாதாமி. காஞ்சியிலிருந்து படை, யானை, குதிரை எல்லாம் நடந்தே போயிருக்கிறது. எந்த மாதம் கிளம்பினான் என்று யாராவது ஆராய்ந்திருந்தால் சொல்லுங்கள், நமக்கு அதைவிட நல்ல பயணத் திட்டம் கிடைக்காது. பெங்களூரு வரை மட்டும் டிக்கெட் போட்டிருக்க மாட்டான்.

டிசம்பர் 19

கேட்டவர் எழுதியிருக்கிறார். பெங்களூரு பகல் வண்டியில் நாலும் உறுதியாகிவிட்டது, 25 கிளம்புகிறார்கள். வங்கக்கடலில் ஏதோ ஒரு தாழ்வுப் பகுதி உருவாகலாம் என்று இரண்டு மாதிரிகளும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. ‘ரத்து செய்யட்டுமா?’

இன்னும் ஆறு நாள் இருக்கிறது. ரத்துக் கட்டணம் நேரம் நெருங்க நெருங்க ஏறும், அதனால் பயம் இப்போதே ரத்து செய்யச் சொல்லும். 22ஆம் தேதி இரவு பாருங்கள். அதுவரை செயலிகளைத் திறக்காமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். எனக்கு முடியாது.

டிசம்பர் 22, இரவு

இரண்டும் கிட்டத்தட்ட ஒத்துவந்துவிட்டன: தெற்கே போகிறது. கிளம்புங்கள்.

ஜனவரி 3

அவர் எழுதியதன் சுருக்கம். 25 இரவு பெங்களூரில் இறங்கியபோது பிசுபிசுவென்று தூறல். தெற்கே போன தாழ்வின் வால் மேகம் அங்கே வரை எட்டியிருக்கிறது. இதை நான் சொல்லவில்லை, தப்பு என்னுடையது. 26 காலையும் மூடியே கிடந்ததால் ராமநகரத்தை விட்டுவிட்டு, பாதாமி இருக்கும் பாகல்கோட் மாவட்டத்து மழைப் பட்டியலைப் பார்த்தார்கள். இரண்டு நாளும் சுழியம். இரவு பாதாமிக்கு ஏறினார்கள். நாலு நாள் முழு வெயில். எட்டு மணிக்கு முன் பாறையில் பனி இல்லை, காற்று இருந்ததால். இரண்டு வழிகளைத் தேனடை பார்த்து விட்டுவிட்டார்கள். ஒருவருக்கு மட்டும் மூக்கு நுனி வெயிலில் உரிந்துவிட்டது. மழைக்கோட்டு நாலு எடுத்துப் போனவர்கள் தொப்பி எடுத்துப் போகவில்லை.

கயிறில் ஏறிய சிவப்பு மண்ணை எப்படிக் கழுவுவது என்று கேட்டிருக்கிறார். வாளியில் வெறும் தண்ணீர், மூன்று நாலு அலசல், சோப்புப் பொடி வேண்டாம். நிழலில் காயவிடுங்கள்.

நானும் போன வாரம் என்னுடையதை அலசினேன். ஹாலில் இடமில்லாமல், நிழல்தானே என்று பின்பக்கப் பால்கனியில் நாலு சுற்றாகக் கட்டிவிட்டு அலுவலகம் போனேன். மாலையில் வந்து பார்த்தால் வீட்டுக்கார அம்மாவின் மூன்று புடவைகள், கிளிப் போட்டு, அழகாகக் காய்ந்துகொண்டிருக்கின்றன.